மொரிஸ் மைனர் எஞ்சினில் எண்ணெய்க் கசிவு: நோயும் காரணமும் தீர்வும்

உடலுக்கு மூப்பு உண்டாதல் போலவே பொறிக்கும் மூப்பு உண்டு. மூப்பினால் வரும் குறைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சில குறைகள் பொறியின் உயிர்நிலையைத் தாக்குவன. சில புறத்தே தோன்றி, உரிய காலத்திற் கவனிக்கப்படின் ஒரு பிற்பகற் பொழுதில் நீங்குவன. இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டாமையே பழைய மோட்டார் வண்டிகளை வைத்திருப்போர்க்குப் பெருஞ் செலவை விளைவிக்கின்றது. எஞ்சினின் தலைமீது கவிந்திருக்கும் வால்வு மூடியின் ஓரத்தில் ஊறும் எண்ணெய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதனைச் சரிவர அறிந்தவன் ஒரு பெக்கிங்கின் விலையோடு தப்புகின்றான். அறியாதவன் எஞ்சினையே இறக்குவித்துப் பணத்தை இழக்கின்றான். கசிவோ இருந்தவாறே நிற்கின்றது.

தோட்டமும் பழைய வண்டியும்

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. இறப்பரும் தேயிலையும் பயிராகும் இம்மாகாணத்துத் தோட்டங்கள் பல, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய ஊர்களை நடுவாகக் கொண்டு, பெரும் பாதையினின்றும் பிரிந்து மேலேறும் ஒடுங்கிய தோட்டப் பாதைகளின் முடிவில் அமைந்துள்ளன. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப் பாதையின் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி, இரத்தினபுரியூடாக ஓபநாயக்கை வரை சென்றது, 1976 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பின்னர் இப்பகுதியினர்க்கு மோட்டார்ப் பாதையன்றிப் பிறிதொரு வழி இல்லை. நள்ளிரவில் நோயாளி ஒருவரையோ, மகப்பேற்று வேதனையுற்ற பெண் ஒருத்தியையோ இரத்தினபுரி, கேகாலை, பலாங்கொடை, கரவனல்லை ஆகிய இடங்களிலுள்ள அரசினர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்ல வேண்டின், லயத்திற்கு அண்மையில் ஓடும் நிலையிலுள்ள வண்டி எதுவோ அதுவே அன்றைய நோயாளர் வண்டியாகின்றது.

அவ்வண்டி பல வேளைகளிற் பழையதாக இருத்தற்குக் காரணங்கள் உள. 1960களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியினாற் கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977 ஆம் ஆண்டிற் பொருளாதாரக் கொள்கை மாறும் வரை, முன்னரே வந்து சேர்ந்த பிரித்தானிய வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓட்டுதல் நாடெங்கும் ஒரு கலையாக வளர்ந்தது. மீண்டும் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலேயே திறக்கப்பட்டது. இக்காரணங்களால் அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த மொரிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகள் காட்சிப் பொருள்களாகாது உழைக்கும் பொருள்களாகவே நிலைத்தன.

மொரிஸ் மைனர் வண்டி அலெக் இசிகோனிஸ் என்பாரால் வடிவமைக்கப்பட்டு 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1960 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் பத்து இலட்சமாவது வண்டி உருவாகியது. பிரித்தானியக் கார்களுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. முதலில் வந்த வண்டிகளில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய பக்க வால்வு எஞ்சின் இருந்தது. 1952 ஆம் ஆண்டு முதல் ‘ஏ வரிசை’ எனப்படும் மேல்வால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. அது முதலில் 803, 1956 இல் 948, 1962 இல் 1098 கன சென்ரிமீற்றர் என வளர்ந்தது. பக்க வால்வு எஞ்சினின் வால்வுகள் உருளைத் தொகுதியின் பக்கத்தே அமைந்திருத்தலின் அதன் தலைமீது வால்வு மூடி இல்லை. ஆதலின் ஈண்டுக் கூறப்படுவன மேல்வால்வு எஞ்சினுக்கே உரியன.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயற்பட வேண்டும் என வலியுறுத்தும் குறளின் எண் 948 என்பது மாணவர் அறிந்ததே. இலங்கையில் நன்கு அறியப்பட்ட மைனர் எஞ்சினின் கொள்ளளவும் அவ்வெண்ணாகவே அமைந்தமை தற்செயலாயினும், அக்குறள் காட்டும் முறையே கசிவை ஆராய்தற்கும் உற்ற முறையாகும்.

மூடியின் கீழ் நிகழ்வது

மேல்வால்வு எஞ்சினில் உட்செல் வால்வுகளும் வெளிச்செல் வால்வுகளும் தலைப்பாகத்தில் உள்ளன. தொகுதியினுட் சுழலும் காம் தண்டு தப்பெற்றுகளை உயர்த்த, அவை நீண்ட தள்ளு கோல்களை உயர்த்துகின்றன. கோல்கள் ரொக்கர் கைகளின் ஒரு முனையை மேலே தள்ள, மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கின்றது. ஏற்றம் இறைப்போர் கண்ட துலாவின் இயக்கமே ரொக்கரின் இயக்கமாகும். இவை யாவும் தேயாதிருத்தற்பொருட்டு எண்ணெய்ப் பம்பு ரொக்கர்த் தண்டினுள்ளே எண்ணெயைச் செலுத்துகின்றது. ரொக்கர்களினின்றும் வழியும் எண்ணெய் தலையின் மேற்பரப்பிற் பரவி, தள்ளு கோல் துவாரங்கள் வழியாகக் கீழிறங்கி எண்ணெய்த் தொட்டியை அடைகின்றது.

இவ்வமைப்பின்மேற் கவிழ்க்கப்பட்ட தகரப் பெட்டி போன்றதே வால்வு மூடி. இந்நாட்டுக் கராஜ்களில் இது ‘தப்பெற் கவர்’ எனவும், இதன் ஓரத்தின் கீழ் வைக்கப்படும் கோர்க் சட்டம் ‘பெக்கிங்’ எனவும் வழங்கும். மூடியை இரண்டு நட்டுகள் மாத்திரமே பிடித்திருக்கின்றன. அவற்றின் கீழ்க் கிண்ண வடிவான வாசர்களும் ரப்பர் வளையங்களும் உள்ளன.

இங்கு மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மூடியினுள் உள்ள எண்ணெய் பம்பின் அமுக்கத்தில் நிற்பதன்று. சிதறி வழிந்து இறங்குவது மாத்திரமே. மழைநீரைத் தடுக்கும் கூரைக்கு எத்துணை வலிமை வேண்டுமோ அத்துணையே பெக்கிங்குக்கும் போதும். அவ்வாறிருந்தும் எண்ணெய் வெளிவருமாயின் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாதல் வேண்டும்: அடைப்புப் பழுதுபட்டிருக்கலாம், அல்லது உள்ளே இருத்தலாகாத அமுக்கம் ஒன்று உருவாகி எண்ணெயை வெளியே தள்ளலாம். இரண்டாவது காரணம் இருக்கும்போது முதலாவதை மாத்திரம் திருத்துவோர், புதுப் பெக்கிங் இட்ட சில வாரங்களில் மீண்டும் அதே கசிவைக் காண்பர்.

நோயின் தோற்றம்

கசிவின் அறிகுறிகள் பல. ஏற்றம் ஏறி நின்றதும் எரிந்த எண்ணெயின் மணம் வண்டியினுள் வரும். எஞ்சின் மூடியைத் திறப்பின் வெளிப்போக்குக் குழாயின்மீது நீலநிறப் புகை எழும். கார்புரேற்றரும் வெளிப்போக்குக் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்த இவ்வெஞ்சினில், அப்பக்கத்து ஓரத்தினின்றும் வழியும் எண்ணெய் சுடுகுழாயின்மீது விழுதல் இயல்பு. எண்ணெயூறிய அழுக்கும் பெற்றோல் ஆவியும் சுடுகுழாயும் ஒருங்கே இருக்கும் இடத்திற் தீ மூளும் அபாயம் உண்டாதலின் இதனைச் சிறு குறையெனத் தள்ளிவைத்தல் தகாது.

பெரும் மயக்கத்தை விளைவிப்பது பின்பக்கக் கசிவு. மைனர் வண்டியில் எஞ்சின் நெடுக்காக வைக்கப்பட்டிருத்தலின், வண்டி ஏற்றம் ஏறும்போது தலைமீதுள்ள எண்ணெய் பின்னோக்கிச் சாய்கின்றது. ஏற்றத்தில் எஞ்சினின் பளுவும் மிகுதி. சமவெளியில் ஓடும் வண்டியினும் தோட்டப் பாதையில் ஏறும் வண்டியிற் பின்னோரக் கசிவு மிக்குத் தோன்றுதற்கு இதுவே ஏது. அவ்வோரம் தடுப்புச் சுவரை ஒட்டியிருத்தலின் கண்ணுக்குப் புலனாவதில்லை. அங்கே ஊறிய எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, கிளச் பெட்டியின் அடியிற் சேர்ந்து துளித்துளியாக நிலத்தில் விழுகின்றது.

நிலத்திற் கிடந்த துளியை மாத்திரம் நோக்கும் திருத்துநர், கிராங்க் தண்டின் பின்முனையே கசிகின்றது எனத் துணிதல் எளிது. ஏ வரிசை எஞ்சினில் அம்முனைக்கு ரப்பர் முத்திரை இல்லை. எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும் திருகு வடிவான பள்ளமே அங்குக் காவலாக அமைந்துள்ளது. கிளச் பெட்டியின் அடியில் ஒரு துவாரமும் அதில் அசையும் ஊசி ஒன்றும் வைக்கப்பட்டமை, அவ்வழியே சிறிது எண்ணெய் வருதல் எதிர்பார்க்கப்பட்டமையைக் காட்டும். அம்முனையைத் திருத்த எஞ்சினை வெளியே எடுத்தல் வேண்டும். அதற்குப் பல நாளுழைப்பும் பெருஞ் செலவும் ஆகும். மூடியின் பெக்கிங்கை மாற்றுதற்கோ ஒரு மணிநேரமும் கைக்கருவிகளும் போதும். இரண்டு நோய்களும் ஒரே இடத்திற் துளியை வீழ்த்துகின்றன என்பதே இதிலுள்ள இடர்.

காரணத்தைத் தேடும் முறை

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். காற்றாடியின் காற்றினால் முன்னிருந்து பின்னே வீசப்படும். ஆதலின் நனைந்த இடங்களுள் எது மிக உயர்ந்ததும் மிக முன்னாலுள்ளதுமோ அதுவே ஊற்றுக்கண். பல்லாண்டு அழுக்குப் படிந்த எஞ்சினில் இதனைக் காணல் இயலாது. எனவே தூய்மை செய்தலே முதற்படி.

வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, கைத்தடையை இட்டு, சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த பின்னர் இவ்வேலையைத் தொடங்க வேண்டும். பற்றரியின் இணைப்பைக் கழற்றி, டிஸ்ரிபியூற்றரையும் கார்புரேற்றரின் வாயையும் பொலித்தீன் உறையால் மூடி, தூரிகையும் சிறிது மண்ணெண்ணெயும் கொண்டு எஞ்சினைக் கழுவித் துணியால் ஒற்றி உலர விடுதல் நன்று. பெற்றோலினாற் கழுவுதல் கூடாது. கழுவிய எண்ணெயைத் தட்டிற் சேர்த்து அகற்றுதல் வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்து ஓடைகள் களு கங்கையையும், எட்டியாந்தோட்டைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையையும் சேர்வன என்பதை மறத்தலாகாது.

அடுத்து, பள்ளிக்கூடங்களில் எளிதிற் கிடைக்கும் வெண்கட்டித் தூளை உலர்ந்த மூடியின் ஓரத்திலும் எஞ்சினின் பின்புறத்திலும் பக்கத் தகடுகளிலும் மெல்லியதாகத் தூவ வேண்டும். பற்றரியை மீண்டும் இணைத்து எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பின் ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து நிறுத்தினால், எண்ணெய் புறப்பட்ட இடத்தில் வெண்மை கறுத்துத் தோன்றும். பின்னோரத்தைக் காணச் சிறு கண்ணாடியும் மின்சூளும் உதவும். ஓடும் எஞ்சினின் அருகே தளர்ந்த உடையோடு நிற்றலும் காற்றாடிக்கு அண்மையிற் கையை நீட்டுதலும் ஆகா.

காணப்படும் தடத்தைக் கொண்டு பின்வருமாறு தெளியலாம். மூடியின் ஓரமே கறுத்திருப்பின் குற்றம் பெக்கிங்கினது. மூடியின் மேற்புறம் நனைந்திருப்பின் நட்டுகளின் கீழுள்ள ரப்பர் வளையங்களோ எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியோ இறுகிப் போயிருக்கும். மூடியின் ஓரம் உலர்ந்திருக்க, வெளிப்போக்குக் குழாய்க்குப் பின்னே தொகுதியின் பக்கம் நனைந்திருப்பின், தப்பெற்றுகளை மறைக்கும் பக்கத் தகடுகளின் பெக்கிங்குகளைச் சோதிக்க வேண்டும். எண்ணெய் மெல்ல ஊறாது பீறிட்டுத் தெறித்திருப்பின், அமுக்கமானி அல்லது எச்சரிக்கை விளக்குக்குச் செல்லும் இணைப்பை நோக்க வேண்டும். அங்குள்ள எண்ணெயே பம்பின் அமுக்கத்தில் நிற்பது. இவை யாவும் உலர்ந்திருந்தும் கிளச் பெட்டியின் துவாரத்தில் மாத்திரம் துளி தொடருமாயின் அப்போதே பின்முனையை ஐயுறுதல் முறையாகும்.

உள்ளமுக்கம் என்னும் மறைந்த காரணம்

எரிந்த வாயுவிற் சிறு பகுதி முசலங்களின் வளையங்களைக் கடந்து எஞ்சினின் அடிப்பாகத்தினுள் வருதல் புதிய எஞ்சினிலும் உண்டு. அவ்வாயு வெளியேறுதற்கு மூச்சுக்குழாய்கள் அமைக்கப்பட்டுள்ளன. பழைய மைனர் எஞ்சின்களில் வால்வு மூடியினின்றும் காற்று வடிக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் ஒன்றும், பக்கத் தகட்டினின்றும் கீழ்நோக்கிச் செல்லும் உலோகக் குழாய் ஒன்றும் காணப்படும். இவை அடைபட்டால் வாயு வேறு வழியின்றி அடைப்புகளின் ஓரங்களைத் தேடி எண்ணெயையும் உடன்கொண்டு வெளிவரும். கிராங்க் தண்டின் பின்முனையிலும் கசிவு மிகும். ஓர் அடைபட்ட குழாய் இரண்டு மூன்று கசிவுகளை ஒருங்கே தோற்றுவித்தல் இவ்வாறே.

சப்ரகமுவவின் தட்பவெப்பம் இவ்வடைப்புக்குத் துணைபுரிவது. பெரும்பகுதி இலங்கையின் ஈரவலயத்தைச் சேர்ந்த இம்மாகாணத்தில் தென்மேற்குப் பருவமழை மிகுதி. குளிர்ந்த காலைப் பொழுதில் ஒன்றிரண்டு மைல் மாத்திரம் ஓடி நிற்கும் எஞ்சின் நன்கு சூடேறுவதில்லை. உள்ளே ஒடுங்கும் நீராவி எண்ணெயோடு கலந்து பால்போன்ற களியாகி மூச்சுக்குழாயிற் படிகின்றது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் இக்களி காணப்படின் குழாய்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ரேடியேற்றரில் நீரும் காரணமின்றிக் குறைந்துவரின், அல்லது அளவுகோலிலும் எண்ணெய் வெளுத்திருப்பின், தலைப் பெக்கிங்கின் பழுதாகலாம்; அது வேறு நோய், உடனே கவனிக்கத்தக்கது. நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியின் கீழ்க்குழாயிற் குளவி மண்கூடு கட்டியிருத்தலும் கூடும்; அதன் வாயையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

குழாய்கள் தூயனவாகியும், எஞ்சின் மெல்ல ஓடுகையில் எண்ணெய் வாயைத் திறந்தால் புகை விட்டுவிட்டுப் பீறிட்டு வருமாயின், வளையங்களும் உருளைகளும் தேய்ந்தன என ஐயுறலாம். நான்கு உருளைகளின் அமுக்கத்தையும் அளந்து, குறைந்த உருளையினுள் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயரின் தேய்ந்தவை வளையங்கள். உயராவிடின் வால்வைச் சந்தேகிக்கலாம். தேய்ந்த எஞ்சினுக்குப் பெக்கிங் மாற்றுதல் மருந்தாகாது என்பதை உரிமையாளர் முன்னரே அறிதல் நல்லது.

திருத்தும் முறை

மூச்சுக்குழாய்கள் தூயனவென உறுதி செய்த பின்னரே மூடியைக் கழற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் இரு நட்டுகளையும் நீக்கி, மூடியை நேராக மேலே தூக்குதல் முறை. ஒட்டிக்கொண்டிருப்பின் திருப்புளியை ஓரத்திற் செலுத்தி நெம்பினால் தகரம் வளையும். மரக்கட்டையால் மெல்லத் தட்டினாற் போதும்.

பழைய கோர்க்கைச் சுரண்டும்போது அதன் துணுக்குகள் தள்ளு கோல் துவாரங்களில் விழாதவாறு துணித் துண்டுகளை இட்டு மூட வேண்டும். இட்ட துண்டுகளை எண்ணி வைத்து, வேலை முடிந்ததும் அதே எண்ணிக்கையில் எடுத்தல் வேண்டும். தலையின் ஓரமும் மூடியின் ஓரமும் எண்ணெய்ப் பசையற்றுத் துலங்குதல் வேண்டும்.

இனி மூடியின் ஓரம் சமமாக உள்ளதா எனச் சோதித்தல் பெரும்பாலார் விடும் படியாகும். தடித்த கண்ணாடித் தட்டின்மீது மூடியை வைத்தால் அது ஆடாதிருத்தல் வேண்டும். ஓரத்தின் கீழ் வெளிச்சம் தெரியலாகாது. நட்டுகளின் அண்மையில் தகரம் உள்வாங்கியிருப்பின், மரக்கட்டையைத் தாங்கலாக வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தலாம். வளைந்த ஓரத்திற்கு எத்துணை நல்ல பெக்கிங் இட்டாலும் பயனில்லை.

ஓரம் வளைதற்குக் காரணம் பெரும்பாலும் மிகை இறுக்கமே. இங்கே பௌதிக மாணவர்க்கு ஒரு சிறு கணக்கு உண்டு. இந்நட்டுகளுக்கு விதிக்கப்பட்ட முறுக்கம் 4 இறாத்தல் அடி, அதாவது ஏறத்தாழ 5.4 நியூற்றன் மீற்றர். 15 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரின் முனையில் 36 நியூற்றன் விசை, அஃதாவது நான்கு கிலோகிராமிலும் குறைந்த நிறையின் இழுப்பு, இதற்குப் போதும். 30 சென்ரிமீற்றர் ஸ்பனரை 15 கிலோகிராம் நிறைக்கு ஈடான விசையோடு இழுப்பவன் ஏறக்குறைய 44 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தை, விதித்ததினும் எண்மடங்கைச் செலுத்துகின்றான். கோர்க் பிதுங்கிப் பிளக்கின்றது, தகரம் வளைகின்றது, கசிவு முன்னிலும் மிகுகின்றது. கசிவைக் கண்டு மேலும் இறுக்குகின்றான். நோயை வளர்க்கும் மருந்து இதுவே.

மூடி திறந்திருக்கும் வேளையில் வால்வு இடைவெளியையும் சரிபார்த்தல் சிக்கனமாகும். மைனர் 1000 எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர், இடைவெளி வேண்டும். முன்னிருந்து எண்ணி எட்டு வால்வுகளுள் எது முற்றாகத் திறந்திருக்கின்றதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், அப்போது சரிபார்க்க வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். முதலாவது திறந்திருப்பின் எட்டாவதையும், மூன்றாவது திறந்திருப்பின் ஆறாவதையும் சரிபார்க்க வேண்டும். நான்கு உருளைகளுடைய இவ்வெஞ்சினில் இரு பாதிகளும் எதிரொத்து அமைந்தமையின் இவ்விதி பொருந்துகின்றது.

புதிய கோர்க் பெக்கிங் கடையில் நெடுநாட் கிடந்து உலர்ந்து சுருங்கியிருப்பின் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தால் மீண்டும் நெகிழ்ந்து அளவுக்கு வரும். ஆயத்தமான பெக்கிங் அகப்படாவிடின் உரிய தடிப்புடைய கோர்க் தாளில் மூடியின் ஓரத்தை வரைந்து வெட்டிக்கொள்ளலாம். உலர்ந்த பெக்கிங்கை மூடியின் பக்கத்தில் மாத்திரம் பசையிட்டு ஒட்டி, சமதளத்திற் கவிழ்த்து மேலே நிறை ஏற்றி இராமுழுதும் விடுதல் நன்று. தலையைத் தொடும் பக்கத்திற் பசை வேண்டா. மெல்லிய கிறீஸ் பூச்சுப் போதும். அவ்வாறாயின் அடுத்த முறை வால்வு இடைவெளியைப் பார்க்கும்போது பெக்கிங் கிழியாது மூடியோடு எழும். நட்டுகளின் ரப்பர் வளையங்களையும் உடன் புதுப்பித்தல் வேண்டும். பின்னர் இரு நட்டுகளையும் சிறிது சிறிதாக மாறி மாறி இறுக்கி, எஞ்சினைச் சூடேற்றி, குளிர்ந்தபின் ஒருமுறை சோதித்து அமைக. ஒவ்வொரு வாரமும் இறுக்கிக்கொண்டிருத்தல் வேண்டா.

போலி மருந்துகள்

சிலிக்கோன் பசையை மிகுதியாகப் பூசுதல் பலரிடம் காணப்படும் வழக்கம். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகின்றது. உள்ளே பிதுங்குவதோ நூல்போல் அறுந்து எண்ணெய்த் தொட்டியை அடைந்து பம்பின் வடியை அடைத்தல் கூடும். வெளிக் கசிவை நிறுத்தப்போய் எண்ணெயோட்டத்தையே நிறுத்துதல் அறிவுடைமையாகாது. தடித்த எண்ணெயை ஊற்றிக் கசிவைக் குறைக்க முயல்வதும் இத்தகையதே. அடைபட்ட மூச்சுக்குழாயையோ வளைந்த மூடியையோ எண்ணெயின் தடிப்புத் திருத்தாது.

திருத்தும் வரை வண்டியை ஓட்டவே கூடாதா என்னும் வினா எழலாம். சுடுகுழாயில் எண்ணெய் விழுமாயின் ஓட்டுதல் ஆகாது. வேறு பக்கத்திற் சிறு கசிவாயின், அளவை அறிந்து ஓட்டலாம். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொள்ளின், பத்து வினாடிக்கு ஒரு துளி மணிக்குப் பதினெட்டு மில்லிலீற்றராகும். வினாடிக்கு ஒரு துளியாயின் மணிக்கு 180 மில்லிலீற்றர். தொட்டியின் கொள்ளளவோ நான்கு லீற்றரிலும் குறைந்தது. எனவே முதலாவது கசிவு அளவுகோலை நாள்தோறும் பார்ப்பவனுக்குத் தாங்கத்தக்கது. இரண்டாவது எவனுக்கும் தாங்கத்தக்கதன்று.

பிற எஞ்சின்களுக்கும் இம்முறை பொருந்தும். தோட்டங்களில் உழைத்த பெட்போட் லொறிகளின் மூடியும் இவ்வினத்ததே. 1980களுக்குப் பின் பெருகிய யப்பானிய வண்டிகளில் கோர்க்குக்குப் பதிலாக வார்ப்பு ரப்பர்ப் பெக்கிங் உள்ளது. காம் தண்டு தலைமீதே அமைந்த எஞ்சின்கள் பலவற்றில் தண்டின் முனையை மூடும் அரைவட்ட ரப்பர்த் துண்டுகளிலும், தீப்பொறிச் செருகிகளின் குழிகளைச் சூழ்ந்த வளையங்களிலும் கசிவு தோன்றும். செருகியைக் கழற்றும்போது குழியில் எண்ணெய் நிற்குமாயின் அவ்வளையம் பழுதாயிற்று என அறியலாம். உறுப்புகள் வேறுபடினும், மேலிருந்து தேடுதல், மூச்சுக்குழாயைப் பார்த்தல், விதித்த அளவே இறுக்குதல் என்னும் மூன்றும் வேறுபடா.

சப்ரகமுவவில் ‘பாஸ்’ என மதிப்போடு அழைக்கப்படும் அனுபவமிக்க திருத்துநர்கள் இவற்றை ஏட்டிற் படியாது கையாற் கற்றவர்கள். அவர்களது கைத்திறனோடு உரிமையாளரின் கவனிப்பும் சேர்தல் வேண்டும். வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, எண்ணெய் விட்ட நாள், விட்ட அளவு, ஓடிய தூரம், நனைந்து கண்ட இடம் ஆகியவற்றை எழுதி வருவோர் திருத்துநரிடம் வெறும் முறைப்பாட்டோடு செல்லாது சான்றுகளோடு செல்கின்றனர். எஞ்சினை இறக்க வேண்டும் எனக் கூறப்படும்போது, மூடியின் பின்னோரமும் மூச்சுக்குழாயும் பார்க்கப்பட்டனவா எனக் கேட்க அவர்களுக்கு இயலும். அவ்வொரு வினா ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் காக்கலாம். அடுத்த மழையிரவில் லயத்திலிருந்து அழைப்பு வரும்போது வண்டி பணிமனையிற் பிரிந்து கிடவாது வாசலில் ஆயத்தமாக நிற்கவும் செய்யலாம்.